செனகலுக்கு ஆரஞ்சு

ஜும்மா தொழுதுவிட்டு வந்த ரஃபியுதீன் சாப்பாட்டைக்கூடக் கேட்கவில்லை. கூடத்துப் பாயில் ஆப்பிரிக்காவை விரித்தான். சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு டம்ளரை வைத்தான். வண்ணப் பெட்டியைத் திறந்துவிட்டு, திறந்தபடியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், சோறு ஆறுது" என்றாள் அவன் மனைவி ஷரீபா.

"இரு. சூடானை முடிச்சுட்டு வரேன்."

"சூடான் ஓடிப் போயிடாது. மீன் கொழம்பு ஆறுனா நாத்தம் அடிக்கும்."

அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சிதம்பரத்தில் தட்சிணாமூர்த்தி என்பவர் பள்ளிக்கூடங்களுக்குத் தேசப்படம் போட்டு விற்றுவந்தார். அவரிடம் படம் வரைகிற வேலை ரஃபியுதீனுக்கு. ஏழு வருடமாக வேலை. ஏழு வருடமாகத் தற்காலிகம். மற்றவர்களுக்கு ஞாயிறு விடுமுறை என்றால் அவனுக்கு வெள்ளி. வியாழன் சாயங்கால ரயிலில் கடலூர் ஓல்டு டவுனுக்கு வருவான், சனிக்கிழமை காலையில் போய்விடுவான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஷரீபாவும் ஐந்து வயது மகள் மைமூனும் உம்மா வீட்டில். அவன் சிதம்பரத்தில் ஓர் அறையில்.

அலமாரியில் குர்ஆனுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கடிதம் இருந்தது. பினாங்கிலிருந்து ஷரீபாவின் அண்ணன் ஜமாலுதீன் எழுதியது. மச்சானுக்குப் பர்மிட் தயார், கடைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும், செப்டம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் போதும் என்று எழுதியிருந்தார்.

அலமாரியைத் துடைக்கும்போது ஷரீபா அந்தக் கடிதத்தை மட்டும் தொடுவதில்லை. அவளுடைய வாப்பாவும் பினாங்குக்காரர்தான். இருபத்தாறு வருடம் அங்கே இருந்தார். வாப்பா என்றால் அவளுக்கு ஆறு முறை வந்துபோன விருந்தாளி. ஏழாவது முறை தந்திதான் வந்தது.

புருஷன் கப்பல் ஏறுவதைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. புது ஆப்பிரிக்கா படத்தைப் பட்டணத்துத் தேர்வுக் குழு பள்ளிகளுக்கு எடுத்துக்கொண்டால், ரஃபியுதீனை நிரந்தரமாக்குவதாகத் தட்சிணாமூர்த்தி சொல்லியிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ஜூலைக் கடைசி அது. பேப்பரைத் திறந்தால் இரண்டு நாளைக்கு ஒரு நாடு விடுதலை என்று போட்டிருக்கும்.

தட்டை அவன் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தாள். "அப்படி இன்னா கஷ்டம் இதுல? வண்ணம்தானே?"

"முன்னெல்லாம் இதுல யோசனையே கெடையாது ஷரீபா. இங்கிலீஷ்காரன் ஆண்டா ரோஸ். பிரெஞ்சுக்காரன் ஆண்டா ஊதா. போர்ச்சுகல்காரனுக்குப் பச்சை, பெல்ஜியத்துக்கு மஞ்சள். யாருதுன்னு பாத்தாப் போதும், கை தானாப் போவும்."

"இப்போ?"

"இப்போ யாருதும் இல்ல. அவுங்கவுங்களுது." ஒரு வாய் சோற்றை எடுத்து, கையிலேயே வைத்துக்கொண்டு பேசினான். "பக்கத்துப் பக்கத்து நாட்டுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. நீலம் கடலுக்குப் போச்சு, கறுப்பு எழுத்துக்கு. நிறத்துக்கு ஒரு அச்சுத் தகடு, மிச்சம் நாலே தகடு. அதுலயும் எகிப்து எப்பவும் மஞ்சள்தான் இருக்கணும், இன்னும் இங்கிலீஷ்காரன்கிட்ட இருக்கிறது ரோஸாவே இருக்கணும்னு மொதலாளி ஒத்தக் கால்ல நிக்கிறாரு. எகிப்துல ஆரம்பிச்சு எறங்கி வரேன். காங்கோகிட்ட வந்ததும் நாலு நிறமும் சுத்தி நிக்குது. அதுக்குக் குடுக்க ஒண்ணும் இல்ல. அழிச்சுட்டு மறுபடி. இது ஆறாவது தடவை."

ஷரீபா குனிந்து காங்கோவைப் பார்த்தாள். பெரிய தேசம். விரலால் அதன் எல்லையைச் சுற்றி எண்ணினாள்.

"எட்டுப் பேரு இதத் தொட்டுக்கிட்டு நிக்கிறாங்க."

"ஆமா."

"சலீமா மாமிக்கும் எட்டு வூட்டோட பேச்சுவார்த்தை கெடையாது."

ரஃபியுதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரங்கிப்பேட்டை சலீமா பீவி மாமியைத் தெரியாதவர்கள் சொந்தத்தில் இல்லை. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் சஹன். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தில் யாரை எந்தச் சஹனில் உட்கார வைப்பது என்பது ஷரீபாவின் பொறுப்பு. ஒருமுறை தப்பினால் அந்தக் கோபம் அடுத்த கல்யாணம் வரை நீளும்.

"சிரிக்காதீங்க. சலீமா மாமிய கடைசியா உக்கார வெச்சா எந்தச் சஹன்லயும் எடம் இருக்காது. எல்லாத்துலயும் ஒரு விரோதி உக்காந்திருப்பா. அதனால எல்லா எடமும் காலியா இருக்கிறப்பவே அவுங்கள உக்கார வெச்சிடணும். அப்பறம் மத்தவங்கள அவுங்களுக்குத் தகுந்தாப்புல. சாதுவானவங்க எங்க வேணா உக்காருவாங்க, அவுங்களப் பத்திக் கவலை இல்ல. நீங்க ஏன் எகிப்துலேருந்து ஆரம்பிக்கிறீங்க?"

"மேல இருக்கே."

"மேல இருந்தா?"

மேலிருந்து கீழே என்பது அலுவலக வழக்கம், அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து ஷரீபாவின் உம்மா ஆசியா உம்மாள் குரல் கொடுத்தாள். "யாரு, சலீமாவையா பேசுறீங்க? போன மாசம்கூட என்னப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போனா."

"ஒம்பதாவது வூடு" என்றான் ரஃபியுதீன் மெதுவாக.

காங்கோவுக்கு ஊதா கொடுத்தார்கள். கிழக்கிலும் தெற்கிலும் ரோஸ், மேற்கே அங்கோலா பச்சை; எல்லாம் பொருந்தியது. சூடானுக்குப் பச்சை. பிறகு ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. எகிப்து கடைசியில் தன் மஞ்சளோடு சண்டையில்லாமல் மேலே இருந்தது. மைமூன் வந்து மடகாஸ்கரைக் காட்டி, "இது ஏன் தனியா இருக்கு?" என்று கேட்டது.

"அதுக்கு யாரோடவும் சண்டை இல்ல. நீயே ஒரு நிறம் சொல்லு."

"பச்ச."

பச்சையே கொடுத்தான்.

மேற்குக் கரையில் ஓரிடத்தில் அவன் தூரிகை நின்றது. செனகலும் அதன் அண்டை நாடும் சேர்ந்து மாலிக் கூட்டாட்சி என்று ஒன்றாக விடுதலை வாங்கியிருந்தன. நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தான்.

"இவுங்களுக்கு ஒரே நிறமா, ரெண்டா? சட்டப்படி ஒண்ணு. ஆனா பேப்பர்ல ஏதோ மனஸ்தாபம்னு போட்டிருக்கான். பொறுத்துப் பாக்கலாமான்னு யோசிக்கிறேன்."

"ஒண்ணா வந்தவங்கள நாமளா பிரிச்சு உக்கார வெச்சா அது மரியாதையா? ஒரே மஞ்சளக் குடுங்க" என்றாள் ஷரீபா.

அவன் பென்சில் கோட்டை அழித்தான்.

மறுநாள் சிதம்பரத்தில் தட்சிணாமூர்த்தி படத்தைச் சுவரில் மாட்டி, பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "காங்கோகிட்ட சிக்கிக்கலியே! எப்படி பாய்?" என்று கேட்டாராம். தகடு போட்டார்கள். ஆகஸ்டு மூன்றாம் வாரத்துக்குள் ஆயிரம் தாள் அடித்து முடித்தாயிற்று.

அடுத்த வாரம் திங்கட்கிழமை பிற்பகல் ரஃபியுதீன் வாசலில் வந்து நின்றான். திங்கட்கிழமை அவன் வந்ததே இல்லை. ஷரீபா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இன்னா மச்சான்? ஒடம்புக்கா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. பிரிஞ்சுட்டாங்க."

"யாரு?"

"செனகல். கூட்டாட்சி வேணாம், நாங்க தனின்னுட்டாங்க. ரெண்டு மாசம்கூட ஒண்ணா இருக்கல." செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்தான். "ஆயிரம் தாள்லயும் ஒரே மஞ்சள். குழு செப்டம்பர் அஞ்சாம் தேதி பாக்குது. மறுபடி அடிக்கத் தாள் இல்ல, நேரமும் இல்ல. மேல ஊதாவப் பூசிப் பாத்தோம். சேத்துத் தண்ணி மாதிரி ஆவுது. மொதலாளி தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு."

பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் அவன் சொன்னான். மரியாதை பேசியது ஷரீபா. அதை அவன் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை என்பது இன்னும் சுட்டது.

"ரோஸப் பூசினா?" என்றாள்.

"எங்க?"

"மஞ்சள் மேல."

"ஆரஞ்சு வரும்." அவன் நிமிர்ந்தான். "மிஷின்ல ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சா ஓரம் வெலகும்னு மொதலாளி விடமாட்டாரு. கையால பூசினா வெலகாது. படத்துல வேற யாருக்கும் ஆரஞ்சு இல்ல." மறுபடி தோள் தொங்கிவிட்டது. "ஆயிரம் தாள் ஷரீபா. நானும் ஆபீஸ்ல இருக்கிற ராசம்மாளும் ரெண்டு பேரு."

"மூணு பேரு. நான் வரேன்."

ஆசியா உம்மாள் விளக்குமாறோடு கூடத்துக்கு வந்தாள். "எங்க வர?"

"சிதம்பரத்துக்கு. ஒம்பது, பத்து நாளு உம்மா."

"புருஷன் எடத்துல போய்ப் பொண்ணு இருக்கிறது நம்ம பக்கத்துல எங்கடி இருக்கு? பாக்கிறவுங்க இன்னா சொல்லுவாங்க? வூட்ல ஏதோ தகராறு, மாப்பிள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாருன்னு பேசுவாங்க."

"தகராறு எங்க வூட்ல இல்ல உம்மா, செனகல்ல."

"அது எவ வூடு?" என்றாள் ஆசியா உம்மாள் கோபமாக.

தேசப்பட அலுவலகம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழே கிடங்கு, மேலே நீளமான ஒரே அறை. ராசம்மாள் படத்துக்குப் பின்னால் துணி ஒட்டி, மேலும் கீழும் கம்பு அடிக்கிறவள். நாற்பது வயது, வாய் ஓயாது. ஷரீபாவுக்குச் சன்னலோரத்தில் இடம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

அச்சு மையில் எண்ணெய் இருப்பதால் தண்ணீர் வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாக ஓடியது. ரஃபியுதீன் அதில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் கலந்தான், ஒட்டியது. செனகலின் வயிற்றுக்குள் காம்பியா என்று ஒரு புழு நெளிந்தது. அது இன்னும் ரோஸ். அதன் மேல் தூரிகை பட்டால் சிவந்துவிடும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிவர வேண்டியிருந்தது.

"ஏன்மா, அவன் நாட்டுக்குள்ள இவன் எப்படி வந்து படுத்தான்?" என்றாள் ராசம்மாள்.

"ஆத்தப் புடிச்சுக்கிட்டு வந்துட்டானாம் இங்கிலீஷ்காரன்" என்றான் ரஃபியுதீன்.

"எங்க வூட்டுக்காரரு தம்பி மாதிரி. தின்னுட்டுப் போறேன்னு வந்தான், ஏழு வருஷம் ஆவுது."

முதல் நாள் எழுபது தாள். இரண்டாம் நாள் நூற்றுப் பத்து. அன்றைக்கே ஷரீபாவின் கட்டைவிரல் வீங்கியது. மைமூன் கிடங்கில் வெட்டி எறிந்த காகித ஓரங்களைப் பொறுக்கி மாலை கட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மூவரும் பள்ளிவாசல் தெருவிலிருந்த அவனுடைய அறைக்கு நடந்தார்கள். பேசத் தெம்பில்லை. அவன் அடுப்பைப் பற்றவைத்தான், அவள் அரிசி களைந்தாள்.

ஏழு வருடக் கல்யாணத்தில் ஷரீபா பார்த்ததெல்லாம் அவனுடைய வெள்ளிக்கிழமைகளைத்தான். வெள்ளிக்கிழமை அவன் அத்தர் பூசியிருப்பான், உம்மாவின் சமையலைப் புகழுவான், சத்தமாகச் சிரிப்பான். செவ்வாய்க்கிழமை அவன் எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அவன் கஞ்சியில் உப்புப் போட்டதை மறந்து இன்னொரு முறை போட்டான். சட்டைப் பொத்தான் அறுந்திருப்பதைக் கவனிக்காமல் மூன்று நாள் அதையே போட்டான். புதன்கிழமை அவள் கையை எடுத்து, வீங்கிய விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினான். தடவிக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிப்போனான். கையை இழுத்தால் விழித்துக்கொள்வான் என்று அவள் அப்படியே இருந்தாள்.

பத்தாவது நாள் ஆயிரமும் முடிந்தது. பட்டணத்துக்குப் பார்சல் போயிற்று. ஷரீபா கடலூருக்குத் திரும்பினாள்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, ரஃபியுதீன் வழக்கமான ரயிலில் வந்தான். அத்தர் பூசவில்லை. சட்டைப் பையிலிருந்து குழுவின் கடிதத்தை எடுத்து நீட்டினான். ஷரீபா நின்றபடி படித்தாள். ஆப்பிரிக்கப் பகுதிகளின் வழக்கமான நிறங்கள் இப்படத்தில் மாற்றப்பட்டுள்ளன. ரோஸ் என்றால் பிரிட்டிஷ், ஊதா என்றால் பிரெஞ்சு என்று பழகிய ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இது குழப்பம் தரும். எனவே இவ்வாண்டு ஏற்பதற்கில்லை.

"செனகலப் பத்தி ஒண்ணும் இல்லியே" என்றாள்.

"ஒரு வார்த்தை இல்ல. அதைப் பாத்தாங்களான்னே தெரியல."

ஆயிரம் முறை மூச்சைப் பிடித்தது நினைவுக்கு வந்து, அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு அசதி மட்டும் ஏறியது.

"மொதலாளி இன்னா சொல்றாரு?"

"பாவம், அவரு இன்னா சொல்வாரு? நிரந்தரம் இப்போ முடியாது பாய்ன்னாரு. இருக்கிறபடி இருன்னாரு. கிடங்குல பழைய உலகப்படம் மலையாட்டம் கெடக்கு. மாசத்துக்கு ஒரு நாடு மாறுது, ஒவ்வொரு தடவையும் புதுசா அடிக்க முடியாது, உன் சம்சாரம் கையால திருத்திக் குடுக்குமான்னு கேட்டாரு. தாளுக்கு இவ்வளவுன்னு கூலி." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அதெல்லாம் எங்க நடக்கப் போவுது. நீ நானாவுக்கு எழுதிடு, நான் வரேன்னு."

அண்ணனுக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் அவள்தான். காகிதம், பேனா எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிஸ்மி எழுதினாள். அன்புள்ள நானாவுக்கு என்று எழுதினாள். பேனாவை மூடினாள்.

"மச்சான், உங்களுக்குப் போவணும்னு ஆசையா?"

"ஆசைக்கெல்லாம் எங்க தெம்பு? களைப்பா இருக்கு ஷரீபா. அவ்வளவுதான்."

"அங்க போனா களைப்புத் தீருமா?"

அவன் யோசித்தான். "தீராது. ஆனா நீ பாக்கமாட்ட."

உள்ளே ஆசியா உம்மாள் மைமூனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. உம்மா இப்படித்தான் இருபத்தாறு வருடம் யாருடைய களைப்பையும் பார்க்காமல் இருந்தாள். நல்ல சேலை வந்தது, சோப்பு வந்தது, கொட்டை எழுத்தில் எல்லோரும் நலம் என்று கடிதம் வந்தது. வாப்பாவுக்குக் கஞ்சியில் எவ்வளவு உப்பு வேண்டும் என்று கேட்டால் உம்மாவுக்குத் தெரிந்திருக்காது.

ஷரீபா பேனாவைத் திறந்தாள். மச்சான் வரவில்லை என்று எழுதினாள். பர்மிட்டுக்கு அலைந்த சிரமத்துக்கு மன்னிக்கவும், கோபப்படவேண்டாம், இது அவர் முடிவில்லை, என் முடிவு என்று எழுதினாள். எழுதியதை அவனிடம் நீட்டினாள்.

அவன் இரண்டு முறை படித்தான். "நிரந்தரம் இல்ல ஷரீபா. நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன். நானும் மைமூனும் சிதம்பரம் வரோம். ஒங்க மொதலாளிகிட்ட சொல்லுங்க, சன்னலோரம்தான் வேணும்னு."

ஆசியா உம்மாள் அதைக் கேட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. "ஆம்புள கப்பலுக்குப் போறது ஊர் ஒலகத்துல இருக்கு. பொண்ணு வூட்ட விட்டுப் போறது இருக்கா? நான் ஒண்டியா இங்க பூனைக்குச் சோறு வெச்சுக்கிட்டுக் கெடக்கணுமா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மூணு பேரும் வருவோம் உம்மா."

"யாருக்கு வேணும் ஒன் வெள்ளிக்கிழம? ஒன் வாப்பாவும் இப்படித்தான் கணக்குச் சொன்னாரு, மூணு வருஷத்துக்கு ஒருக்கான்னு" என்றாள் ஆசியா உம்மாள். பிறகு எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை இறக்கினாள். "இத எடுத்துக்க. அவரு அறையில தண்ணி புடிக்க ஒண்ணும் இருக்காது."

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி, புதன்கிழமை. சிதம்பரத்து அலுவலகத்தில் ஷரீபாவின் முன்னால் பழைய உலகப்படங்கள் அடுக்கியிருந்தன. அக்டோபர் ஒன்றில் நைஜீரியா விடுதலை என்பதால் அதன் ரோஸை மாற்றவேண்டும். எதிர்ச் சுவரில் கடிகாரம் நான்கைக் காட்டியது.

"நாகப்பட்டினத்துல கப்பல் கெளம்பியிருக்கும்" என்றாள்.

ரஃபியுதீன் தலை நிமிராமல் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். "ம்" என்றான். கோடு முடிந்ததும் எழுந்து வந்து அவள் மேசைக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"எத்தன பாக்கி?"

"இருபத்தெட்டு."

அவன் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னொரு தூரிகையை நனைத்தான்.